மலை ஓடைகளில் வழிந்தோடும் நீரையும் சத்து இழப்பையும் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியைப் போன்ற மலைப்பகுதியில் ஒரு சின்ன நீர்ப்பிடிப்பைத் தேர்ந்தெடுத்து, மழையில் எவ்வளவு நீர் வழிந்தோடுகிறது, அதனுடன் எவ்வளவு தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போகின்றன என்று அளக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், தொண்டு அமைப்புகள், விவசாயிகள் சங்கங்கள் ஆகியோருக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஊட்டி, குந்தா, கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளை மனதில் வைத்தவை. அளவுமுறைகள் வேறு மலைகளுக்கும் பொருந்தும்.

ஓடையில் மழைக்குப் பின் பெருகி வரும் நீர் எல்லாமே மேற்பரப்பு ஓட்டமா?

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் கருவி வாங்கினால் பணம் வீண். உழுது மேடுபள்ளமாக்கிய உருளைக்கிழங்கு நிலத்திலும், மிதிபட்டு இறுகிய பாதையிலும், மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்யும்போது நீர் மேலேயே ஓடுகிறது. சோலைக்குள்ளும் நல்ல புல்வெளியிலும் அப்படி ஓடுவது அரிது. அங்கே மண் கிட்டத்தட்ட எந்த மழையையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சதுப்பு ஏற்கெனவே நிறைந்திருப்பதால், அதன்மேல் விழும் மழை நேரே ஓடைக்குப் போகும். மீதி, வேர்ப்படலத்துக்குக் கீழே பாறைச் சிதைவின்மேல் பக்கவாட்டில் கசிந்து சில மணி நேரத்தில் ஓடையை அடையும்.

ஆகவே சரிவில் வைக்கும் சோதனைப் பாத்தி (ஓரம் கட்டி, ஓடும் நீரைத் தொட்டியில் பிடிக்கும் சிறு நிலத்துண்டு) ஒரு கேள்விக்கு விடை தரும். ஓடைவாயில் கட்டும் அளவுத்தடுப்பு (நீரை ஒரு வெட்டின் வழியே விட்டு அளக்கும் குறுக்குச் சுவர்) வேறொரு கேள்விக்கு விடை தரும். "இந்தத் தோட்டத்திலிருந்து மண் எவ்வளவு போகிறது?" என்றால் பாத்தி. "இந்தப் பள்ளத்தாக்கு அணைக்கு எவ்வளவு சத்தை அனுப்புகிறது?" என்றால் ஓடை. பாத்தியில் கிடைத்த எண்ணைப் பரப்பளவால் பெருக்கி ஓடையின் எண் என்று சொல்லக்கூடாது. சரிவில் கிளம்பும் வண்டலில் பெரும்பகுதி வரப்பிலும் புல்லோரத்திலும் சதுப்பிலும் தங்கிவிடுகிறது.

நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைபடத்திலிருந்து எடுத்தால் போதாதா?

பெரிய பரப்புக்குப் போதும். 30 மீட்டர் கட்டங்களாலான செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து 2 எக்டேர் நிலத்தின் எல்லையை வரைந்தால், முழு நிலமும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். எல்லை ஒரு கட்டம் தள்ளிப்போனாலே பரப்பு பெரிதும் மாறும். அதைவிட முக்கியம், மலையில் நீர் போகும் வழியை மனிதர்கள் மாற்றியிருப்பார்கள். சாலையோர வாய்க்கால் பக்கத்துச் சரிவின் நீரை உங்கள் ஓடைக்குள் கொண்டுவரும். தேயிலைத் தோட்டத்து வடிகால் உங்கள் நீரை வெளியே கடத்தும்.

நல்ல மழை பெய்யும்போது எல்லை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். சாலைக்கு அடியில் போகும் எந்தக் குழாய் எந்தப் பக்கம் கொட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். மரநிழலில் பல மீட்டர் பிசகும் என்பதால் முக்கியப் புள்ளிகளை நாடா வைத்து அளப்பது நல்லது. பரப்பில் 20 விழுக்காடு பிழை இருந்தால், பிறகு எவ்வளவு நுட்பமான கருவி வைத்தாலும் எக்டேருக்கான கணக்கு 20 விழுக்காடு பிழைதான்.

ஊட்டி வானிலை நிலையத்தின் மழை அளவைப் பயன்படுத்தலாமா?

கூடாது. நீலகிரியில் மழை ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குள் மாறிவிடும். தென்மேற்குப் பருவமழையில் மேற்குப் பக்கத்து அவலாஞ்சி நனைந்து ஊறும்போது கோத்தகிரிப் பக்கம் தூறல்தான் இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவின் முறை வரும். 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மலையின் மறுபக்கத்து அளவை வைத்து அதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

நீர்ப்பிடிப்பு சிறியதாயினும் இரண்டு மழைமானிகள் வையுங்கள்: ஒன்று தானாகப் பதிவு செய்யும் சாய்வுக்கிண்ண மானி (ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ.), மற்றொன்று கையால் அளக்கும் சாதாரண மானி. சாய்வுக்கிண்ணம் கடுமழையில் குறைத்துக் காட்டும், ஏனென்றால் கிண்ணம் கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது. கைமானியின் மொத்தத்தை வைத்து அதைத் திருத்தலாம். முகட்டில் காற்று வீசும் இடத்தில் வைத்தால் மழை வாய்க்குள் விழாமல் மேலே பறந்துபோகும். சுற்றிலும் உள்ள மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, காற்று மறைந்த வெட்டவெளியில் வையுங்கள். சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மர இலைகள் புனலை அடைப்பதுதான் தரவு இழப்புக்கு வழக்கமான காரணம். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இல்லையென்றால் மானி வைத்துப் பயனில்லை.

சரிவில் சோதனைப் பாத்தி அமைப்பது எப்படி?

மண்ணரிப்புக் கணக்கில் உலகெங்கும் ஒப்பிடப் பயன்படும் நிலையான பாத்தியின் நீளம் 22.13 மீட்டர், சரிவு 9 விழுக்காடு. நம் மலையில் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே 22 மீட்டர் நேர்ச்சரிவு கிடைப்பது அரிது. கிடைக்கும் நீளத்தையே எடுத்துக்கொண்டு அதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். அகலம் 2 மீட்டருக்குக் குறைய வேண்டாம். குறைந்தால் ஓரத்தின் பாதிப்பே பெரிதாகிவிடும்.

ஓரத்துக்கு 30 செ.மீ. அகல துத்தநாகத் தகடு. பாதியை மண்ணுக்குள் இறக்கி, 15 செ.மீ. வெளியே நிற்க விடுங்கள். தகடுகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 5 செ.மீ. ஏறி இருக்கட்டும், அங்கேதான் நீர் கசியும். கீழ்முனையில் நீரைச் சேர்க்கும் காடிக்கு மூடி போடுங்கள். மூடவில்லையென்றால் காடியில் நேராக விழும் மழையும் "ஓடிய நீர்" ஆகிவிடும்.

தொட்டியின் அளவைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். 22 × 2 மீட்டர் பாத்தி 44 சதுர மீட்டர். 50 மி.மீ. ஓடினால் 2,200 லிட்டர். அவ்வளவு பெரிய தொட்டியைச் சரிவில் ஏற்ற முடியாது. 500 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, அது நிறைந்து வழியும்போது 11 பிளவுகள் கொண்ட பிரிப்பான் வழியாகப் போகச் செய்து, நடுப்பிளவின் நீரை மட்டும் இரண்டாவது தொட்டியில் பிடியுங்கள். மீதி 1,700 லிட்டரில் பதினொன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 155 லிட்டர்தான் அங்கே வரும். மொத்தம் = முதல் தொட்டி + 11 × இரண்டாம் தொட்டி.

இதில் பிழைக்கு இடம் பிரிப்பானின் மட்டம். நடுப்பிளவு மூன்று மி.மீ. தாழ்ந்திருந்தாலே அது தன் பங்குக்கு மேல் வாங்கும், அந்தப் பிழை பதினொன்றால் பெருகும். பருவம் தொடங்கும் முன் முதல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, அளந்த 200 லிட்டர் நீரை மேலும் ஊற்றிப் பாருங்கள். இரண்டாம் தொட்டியில் சுமார் 18 லிட்டர் வர வேண்டும்.

வண்டல் மாதிரிக்கு, தொட்டியைக் கலக்கி ஒரு பாட்டில் மொண்டால் அடியில் படிந்த மணல் வராது. மேல்நீரைக் கலக்கி மாதிரி எடுத்தபின் வடித்துவிட்டு, அடிச்சேற்றை முழுவதுமாக வழித்து எடைபோடுங்கள். அதில் ஒரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி ஈரத்தைக் கழியுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை மழை எடுக்கும் நேரத்திலேயே, தொட்டியைப் பார்த்துக் காலி செய்வது கணக்கை எளிதாக்கும்.

ஓடைக்கு எந்த வகைத் தடுப்பு?

சிறு ஓட்டத்தையும் துல்லியமாகக் காட்டுவது 90 டிகிரி வி-நாட்ச் தகடு, அதாவது V வடிவில் வெட்டிய தகடு. அதன் கணக்கு: ஓட்டம் (கன மீட்டர்/வினாடி) = 1.38 × உயரம்^2.5. உயரம் என்பது வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம், மீட்டரில். 5 செ.மீ.க்கு 0.77 லிட்டர்/வினாடி, 10 செ.மீ.க்கு 4.4, 20 செ.மீ.க்கு 24.7, 30 செ.மீ.க்கு 68. மேல் வரம்பு 38 செ.மீ., அப்போது ஏறத்தாழ 123 லிட்டர்.

இந்த 123 லிட்டர் எவ்வளவு குறைவு என்பதைப் பலர் உணர்வதில்லை. மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை, அதில் 40 விழுக்காடு ஓடுகிறது என்று வைத்தால், 2 எக்டேர் காய்கறித் தோட்டமே வினாடிக்கு 133 லிட்டர் அனுப்பும். அதைவிடப் பெரிய நீர்ப்பிடிப்புக்கு அடியில் வி-வெட்டும் மேலே செவ்வக வெட்டும் சேர்ந்த கூட்டுத்தடுப்பு வேண்டும். வண்டல் மிகுந்த ஓடைக்கு எச்-ஃப்ளூம் (நீர் பாய்ந்து செல்லும் அளவுக்காடி) நல்லது. அதன் அடி தட்டையாக இருப்பதால் சேறு தங்காமல் ஓடிவிடும். 45 செ.மீ. ஆழ எச்-ஃப்ளூம் வினாடிக்கு சுமார் 150 லிட்டர் வரை தாங்கும். குறைந்த ஓட்டத்தில் வி-நாட்ச் அளவுக்குத் துல்லியம் இராது.

உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் சரிவுக்கு ஃப்ளூம், சோலைக்கும் புல்வெளிக்கும் வி-நாட்ச் என்பது எங்கள் பரிந்துரை.

தடுப்பு கட்டும்போது பெரும்பாலும் எது தவறுகிறது?

நீர் அடியில் கசிவது. நீலகிரியில் சிதைந்த பாறை பல மீட்டர் ஆழம் போகும். தடுப்புச்சுவரை உறுதியான பாறைவரை இறக்கவில்லையென்றால் கோடையில் ஓடை வற்றியதாகத் தோன்றும். நீர் உண்மையில் சுவருக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். பாறை எட்டவில்லையென்றால் பிசைந்த களிமண்ணோ கான்கிரீட்டோ கொண்டு குறுக்குச் சுவரை இரு கரைக்குள்ளும் நீட்டுங்கள். கட்டியபின் மேலே உப்புக்கரைசல் ஊற்றி, சுவருக்குக் கீழே ஈரமாக இருக்கும் இடங்களில் மின்கடத்துதிறன் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மற்ற அளவுகள்: தகட்டின் விளிம்பு 1 முதல் 2 மி.மீ. தடிமன், கூர்மையாக, கீழ்ப்பக்கம் சாய்த்துச் சீவியது. வெட்டின் அடிமுனை, மேல்பக்கக் குட்டையின் தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். கீழ்ப்பக்க நீர்மட்டம் அடிமுனைக்குக் கீழே 5 செ.மீ.யாவது இருக்கட்டும், நீர் காற்றில் விலகி விழ வேண்டும், தகட்டை ஒட்டி வழியக் கூடாது. நீர்மட்டத்தை வெட்டின் அருகில் அளக்காதீர்கள். அங்கே நீர் ஏற்கெனவே வளைந்து இறங்கியிருக்கும். அதிகபட்ச உயரத்தைப்போல் நான்கு மடங்கு மேலே, அதாவது 38 செ.மீ.க்கு ஒன்றரை மீட்டர் தள்ளி, அளவுக்கிணறு (குட்டையோடு குழாயால் இணைந்து, அலையில்லாமல் நீர்மட்டம் காட்டும் சிறு தொட்டி) அமையட்டும்.

குட்டையில் வண்டல் நிறைந்தால் நீர் வேகத்தோடு வந்து மோதும், சமன்பாடு குறைத்துச் சொல்லும். தூர்வாரும்போது அந்த வண்டலை வீசிவிடாதீர்கள். பாட்டில் மாதிரியில் அகப்படாமல் தரையோடு உருண்டு வந்த மணலும் கல்லும் அதுதான். அளந்து, உலர்த்தி, எடைபோட்டு மொத்த வண்டலோடு சேர்க்க வேண்டும்.

நீர்மட்டப் பதிவுக் கருவி மழையே இல்லாத நாளிலும் தினம் இருமுறை ஏறி இறங்குகிறதே?

அது காற்றழுத்தம். வெளிக்காற்றோடு இணையாத அழுத்தமானி, நீரின் எடையையும் அதன்மேல் உள்ள காற்றின் எடையையும் சேர்த்தே அளக்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை 2, 3 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ ஒரு செ.மீ. நீர். கோடையில் வெட்டில் 5 செ.மீ. மட்டுமே நீர் இருக்கும்போது 2 செ.மீ. பொய் ஏற்றம் ஓட்டத்தை இரண்டு மடங்குக்கு மேல் காட்டிவிடும்.

அருகிலேயே நிழலில் இரண்டாவது அழுத்தமானியைக் காற்றில் தொங்கவிட்டு அதன் அளவைக் கழியுங்கள். மலையடிவாரத்து அழுத்தத் தரவைக் கடன் வாங்க வேண்டாம். வாரம் ஒருமுறை அளவுப்பலகையைக் கண்ணால் படித்து, நேரத்தோடு நோட்டில் எழுதுவதும் கட்டாயம். கருவி எப்போது நகர்ந்தது என்பதை அந்த நோட்டு மட்டுமே பிறகு சொல்லும். உயரத்தில் வரும் சின்னப் பிழையும் ஓட்டத்தில் 2.5 மடங்காகப் பெருகும் என்பதை நினைவில் வையுங்கள்: 3 மி.மீ. பிழை 5 செ.மீ. உயரத்தில் 15 விழுக்காடு, 30 செ.மீ. உயரத்தில் 2.5 விழுக்காடு.

தடுப்பு கட்ட முடியாத, பாறைகள் நிறைந்த ஓடையில் என்ன செய்வது?

உப்பு. மலை ஓடை கொந்தளித்து ஓடுவதால் கரைசல் நன்றாகக் கலக்கும். நீரின் இயல்பான மின்கடத்துதிறனும் குறைவாக இருப்பதால் சிறிது உப்பே தெளிவாகத் தெரியும். வினாடிக்கு 50 லிட்டர் ஓடையில் 250 கிராம் சமையல் உப்பு போதும். ஒரு வாளி ஓடைநீரில் முழுவதும் கரைத்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். ஓடை அகலத்தைப்போல் 25 மடங்காவது கீழே மின்கடத்துமானியை வைத்து 5 வினாடிக்கு ஒருமுறை, அளவு மீண்டும் பழைய நிலைக்கு வரும்வரை பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு அளவிலிருந்தும் இயல்பு அளவைக் கழித்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2,130 மைக்ரோசீமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோசீமன்ஸ் உயர்வு லிட்டருக்கு சுமார் 0.47 மி.கி. உப்பைக் குறிக்கும். ஓட்டம் = 2,50,000 மி.கி. ÷ (0.47 × 2,130 × 5) = வினாடிக்கு 49.9 லிட்டர். அந்த 0.47 என்ற எண்ணை அதே ஓடைநீரில் அளந்த உப்பைக் கரைத்து அங்கேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தேங்கிய குட்டைகள் நடுவில் இருந்தால் உப்பு அங்கே மாட்டிக்கொண்டு மெதுவாக வெளிவரும். பொறுமையின்றிப் பதிவைப் பாதியில் நிறுத்தினால் ஓட்டம் கூடுதலாக வரும்.

வெவ்வேறு மட்டங்களில் இப்படி அளந்தால் எந்த நீர்மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் வளைவு அந்த இடத்துக்குக் கிடைக்கும். வெள்ளத்தில் ஒரு பாறை புரண்டால் வளைவும் மாறும். பெருமழைக்குப்பின் மறுபடி அளக்க வேண்டும்.

எந்தச் சத்து எந்த வழியில் போகிறது?

நைட்ரேட் கரைந்த நிலையில், பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கிக் கசிவு நீரோடு போகிறது. பாஸ்பரஸ் மண் துகளைப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் போகிறது. நீலகிரியின் புளிப்பான செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைந்திருப்பதால் பாஸ்பரஸ் இன்னும் இறுக ஒட்டும். பயிருக்குக் கிடைக்காது என்பதால்தான் மலை உருளைக்கிழங்குக்கு எக்டேருக்கு 240 கிலோ மணிச்சத்து வரை பரிந்துரைக்கப்படுகிறது. அப்படிச் சேர்ந்த மேல்மண் அரித்துப் போகும்போது அணைக்குப் போவது வெறும் மண் அல்ல.

போகிற வண்டலில் உள்ள பாஸ்பரஸை வயலின் மண்பரிசோதனை எண்ணைக்கொண்டு கணக்கிடாதீர்கள். நீர் முதலில் எடுத்துப்போவது நுண்களியையும் மட்கையும்தான். அவற்றில் சத்து அடர்த்தி அதிகம். வண்டலையே தனியாகச் சோதிக்க வேண்டும். சாணமோ உரமோ மேலாக இறைத்த மறுநாள் மழை வந்தால் கரைந்த பாஸ்பரஸும் கணிசமாகப் போகும். உரமிட்ட தேதியைப் பதிவு செய்யாத ஆய்வுக்கு இந்த ஏற்றம் புரியாது.

கழிவுநீரா வயலா என்ற சந்தேகத்துக்கு ஒரு நல்ல தடயம் உண்டு. ஓட்டம் பெருகப் பெருக செறிவு குறைந்தால், எப்போதும் ஒரே அளவில் கலக்கும் ஒன்று, பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர். ஓட்டத்தோடு செறிவும் ஏறினால் சரிவிலிருந்து வருகிறது. வறண்ட காலத்தில் அம்மோனியமும் குளோரைடும் உயர்ந்திருந்தால் கழிவுநீர் என்பது உறுதிப்படும்.

மாதம் ஒருமுறை மாதிரி எடுத்தால் போதாதா?

நைட்ரேட்டின் வறண்டகால நிலையை அறிய ஓரளவு போதும். பாஸ்பரஸுக்கும் வண்டலுக்கும் அறவே போதாது. ஆண்டின் சுமையில் (ஓடை எடுத்துப்போகும் மொத்த அளவில்) பெரும்பகுதி சில கடுமழைகளின் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. முதல் தேதி காலையில் ஓடைக்குப் போகிறவர் அந்த நேரத்தைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சந்தித்தாலும் ஒரே ஒரு மாதிரி எதையும் சொல்லாது, ஏனென்றால் அதே ஓட்டத்தில் நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் செறிவு வேறாக இருக்கும். வண்டல் பொதுவாக ஏறும்போது உச்சம் தொட்டு, நீர் உச்சிக்கு வருமுன்பே குறையத் தொடங்கும். நைட்ரேட் பல இடங்களில் இறங்கும்போதுதான் உயரும். கசிவு நீர் தாமதமாக வருவதே காரணம்.

ஆண்டு முழுக்கப் பரவலாக மாதிரிகள் எடுப்பதைவிட, அதே பணத்துக்கு ஐந்தாறு மழைகளை முழுமையாகப் பிடிப்பது பயன் தரும். வறண்ட நாட்களுக்கு மாதம் ஒன்றோ இரண்டோ போதும்.

தானியங்கி மாதிரிக் கருவி வாங்க வசதி இல்லை. வேறு வழி?

ஏறுமட்ட பாட்டில். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், ரப்பர் அடைப்பான், 6 மி.மீ. உள்விட்டக் குழாய் இரண்டு. ஒன்றைத் தலைகீழ் யு போல வளைத்து நீர் புகும் வழியாக்குங்கள். மற்றது காற்று வெளியேற, அதைவிட உயரமாக. நீர்மட்டம் வளைவைத் தாண்டியதும் பாட்டில் நிறைந்து தானே நின்றுவிடும். ஓடையோரம் ஊன்றிய இரும்புக் கம்பத்தில் 10, 20, 30 செ.மீ. மட்டங்களில் மூன்று பாட்டில்கள் கட்டலாம். இது நீர் ஏறும்போது மட்டுமே பிடிக்கும். அதனால் வண்டல் செறிவு கூடுதலாகவே வரும். இறங்கும்போது கையால் இரண்டு மாதிரிகளாவது எடுத்தால்தான் கணக்குச் சரியாகும்.

தானியங்கிக் கருவி இருந்தால், வழக்கமான 24 பாட்டில்களை நேர இடைவெளியில் நிரப்புவதைவிட, குறிப்பிட்ட கன அளவு நீர் ஓடியபின் ஒரு பாட்டில் என்று அமையுங்கள். இடைவெளியைச் சின்ன மழைக்கு அமைத்தால் பெருமழையில் உச்சிக்கு முன்பே பாட்டில்கள் தீர்ந்துவிடும். உறிஞ்சுகுழாயின் வாயைத் தரையில் படாமல் நடு ஆழத்தில், நீர் ஓடும் திசையைப் பார்த்தபடி கட்டுங்கள்.

மாதிரியை ஆய்வகம் வரை எப்படிக் காப்பது?

பாட்டில்களைப் பாஸ்பேட் உள்ள சோப்பில் கழுவவே கூடாது. 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். கரைந்த பாஸ்பேட் வேண்டுமானால் ஓடைக்கரையிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்க வேண்டும். வடிக்காமல் கொண்டுபோனால், வழியிலேயே களித்துகள்கள் பாஸ்பேட்டை உறிஞ்சிவிடும். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் எண் பாதியாகலாம். பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி, இருட்டு. நைட்ரேட்டும் கரைந்த பாஸ்பேட்டும் 48 மணி நேரத்துக்குள் சோதிக்கப்பட வேண்டும். மொத்த பாஸ்பரஸுக்கான தனி பாட்டிலில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்தால் 28 நாள் தாங்கும்.

பத்து மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி (காய்ச்சி வடித்த நீரைக் கொண்டுபோய் களத்தில் அதே முறையில் வடித்தது), ஒரு இரட்டை மாதிரி (ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டாவதாக எடுத்தது). வெற்று மாதிரியில் பாஸ்பரஸ் தெரிந்தால் குற்றம் உங்கள் பாட்டிலில்தான், ஓடையில் அல்ல.

ஆய்வக அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும்?

அலகை. நைட்ரேட் என்று எழுதியிருப்பது நைட்ரேட்டாகவா, அதிலுள்ள நைட்ரஜனாகவா? இரண்டுக்கும் 4.43 மடங்கு வேறுபாடு. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட், அதாவது சுமார் 10 மி.கி. நைட்ரஜன். அதேபோல் உரமூட்டையில் உள்ள மணிச்சத்துக் கணக்கு பாஸ்பரஸ் பென்டாக்சைடில் இருக்கும், 0.436-ஆல் பெருக்கினால்தான் பாஸ்பரஸ். 240 கிலோ என்பது சுமார் 105 கிலோ பாஸ்பரஸ். இட்டதையும் போனதையும் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்.

"மொத்த பாஸ்பரஸ்" என்று வாங்கினால், மாதிரியை வடிக்காமல் பெர்சல்ஃபேட் கொண்டு செரித்தபின் அளந்ததா என்று கேளுங்கள். நைட்ரேட்டைப் புறஊதாக் கதிரில் மட்டும் அளந்திருந்தால், சோலையிலிருந்து வரும் பழுப்பு நீரில் மட்குப்பொருள் குறுக்கிடும். காட்மியம் ஒடுக்கமுறை நம்பகமானது. பாஸ்பரஸின் கண்டறியும் எல்லை லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் இருந்தால் வேறு ஆய்வகம் தேடுங்கள். ஏரியில் 0.03 மி.கி. அளவே பாசி பெருகப் போதுமானது.

சுமையை எப்படிக் கணக்கிடுவது?

செறிவு × ஓடிய நீர். லிட்டருக்கு மி.கி. என்பதும் கன மீட்டருக்குக் கிராம் என்பதும் ஒன்றே. 2 எக்டேர் தோட்டத்தில் மூன்று மணி நேர மழையை எடுத்துக்கொள்வோம். முதல் மணியில் சராசரி ஓட்டம் வினாடிக்கு 20 லிட்டர், பாஸ்பரஸ் 0.6 மி.கி.; இரண்டாவதில் 60 லிட்டர், 1.1, மூன்றாவதில் 30 லிட்டர், 0.4. நீர் முறையே 72, 216, 108 கன மீட்டர், மொத்தம் 396. பாஸ்பரஸ் 43.2 + 237.6 + 43.2 = 324 கிராம். எக்டேருக்கு 162 கிராம், ஒரே மழையில்.

மூன்று செறிவுகளின் வெறும் சராசரியான 0.7-ஐ மொத்த நீரால் பெருக்கினால் 277 கிராம்தான் வரும். மழை ஓய்ந்தபின் போய் மூன்றாவது மாதிரியை மட்டும் எடுத்தவருக்கு 158 கிராம், உண்மை அளவில் பாதிக்கும் குறைவு.

ஓட்டத்துக்கும் செறிவுக்கும் மடக்கை அளவில் கோடு போட்டு ஆண்டுச் சுமையை ஊகிப்பவர்கள், மடக்கையிலிருந்து திரும்பும்போது விடை குறைவாகவே வரும் என்பதற்கான திருத்தத்தைச் சேர்க்க மறக்கக்கூடாது. கலங்கல்மானி வைத்தால் இந்த ஊகம் பெருமளவு தேவையற்றதாகும். 10 நிமிடத்துக்கு ஒரு கலங்கல் அளவை, அதே ஓடையின் மாதிரிகளோடு பொருத்தி வண்டலாகவும் பாஸ்பரஸாகவும் மாற்றலாம். வேறொரு ஓடையின் பொருத்தத்தை இங்கே கொண்டுவர முடியாது. கண்ணாடியில் பாசி படிந்தால் அளவு மெல்ல மெல்ல ஏறும், அதற்குத் துடைப்பான் உள்ள வகையாக வாங்குங்கள்.

நிலப்பயன் மாறியதால்தான் ஓடை மாறியது என்று எப்படிக் காட்டுவது?

முன்பு, பின்பு என்று ஒரே ஓடையை ஒப்பிட்டால் மழையின் வேறுபாடு எல்லாவற்றையும் மூடிவிடும். ஒத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைச் சில ஆண்டு மாற்றமின்றி அளந்து, ஒன்றின் ஓட்டத்திலிருந்து மற்றதைக் கணிக்கும் சமன்பாட்டைப் பெற வேண்டும். பிறகு ஒன்றில் மட்டும் மாற்றம். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியே விளைவு.

இதற்கு நீலகிரியிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஊட்டியில் 1954-இல் தொடங்கிய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளன்மார்கனில் ஏறத்தாழ 32 எக்டேர் கொண்ட இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் 1972 வரை இப்படி அளந்தது. பிறகு ஒன்றின் 59 விழுக்காடு பரப்பில் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு, சராசரியாக 87 மி.மீ. குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டியது. முதல் நான்கு ஆண்டு பொறுமையாக அளந்திராவிட்டால் இந்த எண்களை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சத்துக்கு இதே முறை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் செய்யப்பட்டது. 1965 இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்களை எல்லாம் வெட்டி, மறுவளர்ச்சியைக் களைக்கொல்லியால் தடுத்தார்கள். ஓடையின் நைட்ரேட் முதல் ஆண்டே 40 மடங்குக்கு மேல் ஏறியது. அங்கே ஒரு மூட்டை உரம்கூடப் போடவில்லை. மண்ணில் இருந்த நைட்ரஜனைப் பிடித்துவைக்க வேர் இல்லாமல் போனதே காரணம்.

என் எண்கள் சரியா என்று கடைசியில் எப்படிச் சரிபார்ப்பது?

ஆண்டு மழையிலிருந்து ஆண்டு ஓட்டத்தைக் கழியுங்கள். மீதி ஆவியாதலுக்கும் மரம் குடித்ததற்கும் ஈடாக வேண்டும். அது மலைக்கு ஒவ்வாத அளவு பெரிதாக இருந்தால் தடுப்புக்கு அடியில் கசிவு. சிறிதாகவோ எதிர்மறையாகவோ வந்தால் வெளிநீர் உள்ளே வருகிறது, அல்லது முகட்டு மழையை மானி தவறவிட்டிருக்கிறது. குளோரைடைக் கொண்டும் இதே சோதனையைச் செய்யலாம், ஏனென்றால் அது மண்ணில் அதிகம் தங்காது. மழையில் வந்தது, உரத்தில் இட்ட பொட்டாஷில் இருந்தது, ஓடையில் போனது மூன்றும் ஓரளவு பொருந்த வேண்டும்.

அனுமதி வேண்டுமா?

காப்புக்காட்டில் ஒரு கம்பி ஊன்றவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் தடுப்பின் அளவு, கட்டும் காலம், ஆய்வு முடிந்ததும் அகற்றும் முறை ஆகியவற்றை எழுதுங்கள். தனியார் நிலத்தில் உரிமையாளர் மட்டுமல்ல, அந்த ஓடையிலிருந்து குடிநீர்க் குழாய் எடுத்திருக்கும் கீழ்ஊரின் சம்மதமும் தேவை. உப்பு ஊற்றும் நாளை அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காட்டெருமை நடமாடும் இடத்தில் பதிவுக்கருவியைக் கம்பத்தில் தொங்கவிடாமல், கான்கிரீட்டில் புதைத்த இரும்புக் குழாய்க்குள் வைத்துப் பூட்டுங்கள்; உடம்பு தேய்க்க வரும் மாட்டுக்குக் கம்பம் தாங்காது.